கவரைப்பேட்டை ரைஸ் மில்லில் நெல் அவித்த காட்டு இஞ்சின்

போட்டோ மங்கலாக இருந்தது. ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதற்குக் கீழே வெள்ளி பெயிண்ட் அடித்த பெரிய உருளை, பக்கத்துக் கொடியில் காய்கிற லுங்கி. எங்கள் ரயில் ஆர்வலர் குழுவில் முப்பது பேருக்கு மேல் இருக்கிறோம். ஒருத்தர் மட்டும் ‘பழைய பாய்லர்’ என்று எழுதி, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். மற்றவர்கள் அதுவும் செய்யவில்லை. நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உருளைக்குக் கீழே சக்கரம் இருந்தது.

பாய்லருக்குச் சக்கரம் எதற்கு?

போட்டோ போட்டவரிடம் இடம் கேட்டு வாங்கினேன். கவரைப்பேட்டை பக்கம், மூடிக் கிடக்கும் ஒரு ரைஸ் மில். நவம்பர் மாதம், நல்ல மழை. சனிக்கிழமை லீவு போட்டேன். முன்பெல்லாம் இந்த மாதிரி பயணத்துக்கு மூன்று பேராகக் கிளம்புவோம். ஒருத்தன் இப்போது மஸ்கட்டில் இருக்கிறான். இன்னொருத்தனுக்குக் கல்யாணம் ஆகி, குழந்தையும் ஆகிவிட்டது. கேட்டால் ‘அடுத்த வாட்டி மச்சி’ என்பான். நான்கு வாட்டி கேட்டாயிற்று. இந்த முறை கேட்கவே இல்லை.

நான் இருப்பது திருவள்ளூர். கவரைப்பேட்டையும் இதே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போகணும் என்றால் சென்னைக்குள் போய், பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்து மறுபடி வடக்கே ஏறணும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. பெரியபாளையம் வழியாக பஸ்ஸில் போனால் தூரம் குறைவு என்று எல்லாரும் சொல்வார்கள். நான் ரயில் பார்க்கப் போகிறவன், ரயிலில்தான் போவேன். டிக்கெட் இருபது ரூபாய். காலை 5.50 வண்டி, கவரைப்பேட்டையில் இறங்கும்போது மணி எட்டே முக்கால். பேசின் பிரிட்ஜில் மட்டும் நாற்பது நிமிடம் நின்றேன். மழைக்கு ஒதுங்க அந்தப் பிளாட்பாரத்தில் உருப்படியான இடம் கிடையாது, குடை எடுத்துப் போங்கள்.

எண்ணூர் தாண்டியதும் பெட்டி காலியாகத் தொடங்கியது. அத்திப்பட்டு புதுநகரில் அனல் மின் நிலையத்துக்குப் போகிற கூட்டம் மொத்தமாக இறங்கியது. மீஞ்சூரில் மீதி. பொன்னேரிக்குப் பிறகு என் பெட்டியில் நானும், தூங்குகிற ஒரு வடமாநிலப் பையனும்தான். அவன் கையில் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை ஒன்றின் அடையாள அட்டை. இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கிற வயல், நடுவே நடுவே குடோன்.

ஸ்டேஷனுக்கு வெளியே ஷேர் ஆட்டோ.

“எங்க சார்?”

“ரைஸ் மில்லு.”

“எந்த மில்லு? பாதி மில்லு மூடிக்குது.”

“இஞ்சின் இருக்கிற மில்லு.”

“வெள்ளச்சி மில்லா! மொதல்லயே சொல்றதில்ல?” டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீதான் வாங்க வந்த பார்ட்டியா?”

“இல்ல. பாக்க வந்திருக்கேன்.”

“பாக்கவா? இந்த மழயிலயா? ஊட்ல வேலை எதுவும் இல்லியா உனக்கு?”

நான்கு கிலோமீட்டர். ஷேரில் முப்பது ரூபாய் என்று சொல்லிவிட்டு, கூட ஏற ஆளே வராததால் தனி ஆட்டோ மாதிரி எண்பது வாங்கினார். அடித்துப் பேசினேன், பயன் இல்லை. போகிறவர்கள் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

மில் கேட்டுக்கு எதிரே தார்ப்பாய் கட்டிய ஒரு டீக்கடை. நடத்துகிறவர் பெயர் முனியம்மா, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மில் ஓடிய காலத்தில் களத்தில் நெல் காய வைக்கிற வேலை பார்த்தவர். மில் மூடியதும் அதே கேட்டுக்கு எதிரே கடை போட்டுவிட்டார். டீ பன்னிரண்டு ரூபாய், இட்லி நான்கு முப்பது ரூபாய். கேட்டைத் திறந்துவிட அவர்தான் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“யோவ் தேவராசு! உன் வெள்ளச்சியப் பொண்ணு பாக்க வந்துகிறாங்கோ!”

வந்தவர் தேவராஜ். மில்லின் பாய்லர் அட்டெண்டன்ட். ஒல்லி, உயரம், காக்கி அரைக்கால் சட்டை, கையில் குடை. மில் மூடி மூன்று வருடம் ஆகிறது. அவர் மட்டும் வாட்ச்மேன் மாதிரி உள்ளேயே தங்கியிருக்கிறார். மகளும் மருமகனும் தடா பக்கம் வேலைக்குப் போகிறார்கள், பேரனைப் பார்த்துக்கொள்ள மனைவியும் அங்கேயே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய், அப்படியே பேரனைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் மில்லுக்குத் திரும்பிவிடுவார். இதையெல்லாம் நான் கேட்கவில்லை. கேட்டிலிருந்து ஷெட்டுக்கு நடப்பதற்குள் அவரே சொல்லி முடித்துவிட்டார். பேச ஆள் கிடைத்த வேகம்.

இஞ்சினுக்கு வருகிறேன்.

இரண்டரை அடி கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே அவ்வளவுதான் அகலம்; தண்ணீரையும் தானே சுமக்கிற சின்ன டேங்க் இஞ்சின். நீளம் இருபது அடி இருந்தால் அதிகம். காங்கிரீட்டில் புதைத்த இரண்டு துண்டுத் தண்டவாளத்தின் மேல், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். அந்தத் தண்டவாளத்துக்கு முன்னாலும் ஒன்றும் இல்லை, பின்னாலும் ஒன்றும் இல்லை. இந்த கேஜில் சுற்றுவட்டாரத்தில் எனக்குத் தெரிந்து வேறு பாதையே கிடையாது. சிம்னிக்கு மேல் தகரக் குழாயை ஒட்டவைத்துக் கூரைக்கு வெளியே நீட்டியிருந்தார்கள். மேலே இருந்து ஒரு நீராவிக் குழாய் சுவரைத் துளைத்து, அந்தப் பக்கம் இருக்கும் நெல் அவிக்கும் தொட்டிகளுக்குப் போகிறது. சக்கரங்களை இணைக்கும் தண்டுகளைக் கழற்றி குடோனில் சாத்தி வைத்திருக்கிறார்கள். ஆச்சரியம், ஒன்றுகூடத் திருடு போகவில்லை.

எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. மில் ஓனரின் அப்பா ‘மலையாளத்துக் காட்டுல மரம் இழுத்த வண்டி’ என்று சொல்லி ஏலத்தில் எடுத்து வந்தாராம். மேக்கர் தகடு இருந்த இடத்தில் நான்கு ஓட்டைதான் இருக்கிறது. வருடம் தெரியாததால் வருடம் எழுத மாட்டேன். ஆனால் அது என்ன வேலை பார்த்தது என்று இரும்பே சொல்கிறது.

தகரக் குழாய்க்குக் கீழே பழைய சிம்னி பூசணிக்காய் மாதிரி உப்பி இருக்கிறது. உள்ளே கம்பி வலை. காட்டுக்குள் தீப்பொறி பறக்காமல் தடுக்க வைத்தது. கேபினுக்குப் பின்னால் விறகு அடுக்க ஆளுயரக் கம்பித் தடுப்பு. அதாவது மரம் எரித்து மரம் இழுத்திருக்கிறது. பின்பக்கத் தடுப்புத் தகடு முழுக்க வட்ட வட்டமாகக் குழி. சரிவில் வரும்போது கட்டை முன்னால் நழுவி வந்து இடித்த தழும்பு.

எனக்கு ரொம்பப் பிடித்தது பிரேக். பிரேக் கட்டை தொங்குகிற ஓட்டைகள் தேய்ந்து முட்டை வடிவமாகி, உள்ளே வளையம் போட்டு அடைத்து, அதுவும் தேய்ந்து, மறுபடி அடைத்திருக்கிறார்கள். பிஸ்டன் பக்கம் அந்த அளவு தேய்மானம் இல்லை. யோசித்தால் சரிதான். காலி வண்டியை மேலே இழுத்துப் போகும், கட்டை ஏற்றிய வண்டியோடு கீழே வரும். இழுத்ததைவிடத் தடுத்ததுதான் அதன் முக்கால் வேலை. இடது சக்கரங்களின் விளிம்பு வலதைவிட நன்றாகவே மெலிந்திருக்கிறது. மலையை ஒரே பக்கமாக வளைந்து வளைந்து இறங்கிய பாதையாக இருந்திருக்கணும்.

குடோனில் கிடந்த தண்டு ஒவ்வொன்றிலும் 3 என்று பொறித்திருந்தது. மூன்று என்றால் ஒன்றும் இரண்டும் இருந்திருக்கும். அவை எங்கே என்று கேட்க ஆள் இல்லை. தேவராஜிடம் கேட்டேன். “அது வரும்போதே தனியாதான் வந்துது தம்பி,” என்றார்.

மில்லுக்கு வந்த பிறகு வேலை மாறிவிட்டது. முதலில் சவுக்குக் கட்டை, பிறகு உமி எரித்து, இரண்டு கிலோ பிரஷரில் நெல் அவித்திருக்கிறது. மலையில் ஓடியதைவிட இங்கே நின்ற வருடம் அதிகம் என்பது என் கணிப்பு. களத்தில் வேலை பார்த்த பெண்கள் அதற்கு வெள்ளச்சி என்று பெயர் வைத்ததற்குக் காரணம் பெயிண்ட். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் புது வெள்ளி பெயிண்ட், முகத்தில் சந்தனம், குங்குமம். மில் மூடிய பிறகும் தேவராஜ் விடவில்லை. போன மாதம் அடித்த பெயிண்ட் இன்னும் லேசாக வாசம் வந்தது.

“நீங்க சர்ச்சுக்குப் போறவரு. பூஜை எப்படிண்ணா?” என்று கேட்டேன்.

“பெயிண்டு நான் அடிப்பேன். பொட்டு முனியம்மா வெக்கும். கர்த்தர் பெயிண்டு அடிக்காதன்னு எங்கயும் சொல்லல.”

இதற்குப் பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். பழவேற்காடு போகிற வழியில் ஒரு புது ரிசார்ட் வருகிறது. அவர்கள் இஞ்சினை முழுசாக வாங்கப்போகிறார்கள். அரை கிலோமீட்டர் தண்டவாளம் போட்டு, பின்னால் நான்கு பெட்டி மாட்டி, நிஜ நீராவியிலேயே குழந்தைகளை ஏற்றிச் சுற்றப்போகிறார்களாம். தேவராஜையும் கூடவே எடுத்துக்கொள்கிறார்கள். தொப்பி, யூனிஃபார்ம், டிரைவர் வேலை. மேனேஜர் இன்றைக்கு மதியம் வந்து முடிவு செய்கிறார். அது படியவில்லை என்றால், பழைய இரும்பை உருக்குகிற கும்மிடிப்பூண்டி உலைக்காரர் ஒருவர் எடைக்கு எடுக்கத் தயாராக இருக்கிறார். அப்படி நடந்தால் மில்லை விற்றுவிடுவார்கள், தேவராஜுக்கு இங்கே வேலை இல்லை.

“நீ படிச்சவன்தான? மேனேஜர் வந்தா, நல்லாக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லு நைனா. ரிப்போர்ட் கூட கீது.”

ரிப்போர்ட்டைக் காட்டினார். ஏதோ ஒரு நிறுவனம் பாய்லர் தகட்டின் தடிமன் அளந்து கொடுத்தது. பெயர் எழுத மாட்டேன். என் வேலையே அதுதான்: பாய்லர், டேங்க், குழாய், எதுவாக இருந்தாலும் இரும்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒலி வைத்து அளப்பது. டிப்ளமோ மெக்கானிக்கல், ஐந்து வருட அனுபவம். அதனால் எண்களைப் பார்த்ததும் எனக்கு உறுத்தியது. எல்லா இடத்திலும் பதினொன்றரை, பன்னிரண்டு மில்லி என்று போட்டிருந்தார்கள்.

இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று ஏறி ரிவெட் அடித்த இடத்தில் தகட்டின் ஓரம் வெளியே தெரியும். அங்கே தண்ணீரும் படாது, தீயும் படாது, பிறந்த தடிமன் அப்படியே இருக்கும். வெர்னியர் காலிப்பரை அங்கே வைத்துப் பார்த்தேன். பதினொன்றுக்குக் கொஞ்சம் கம்மி. வயதாக ஆக மனிதன் தடிப்பான், தகடு தடிக்காது.

பையில் என் தடிமன் மீட்டர் இருந்தது. (ஆமாம், லீவு நாளிலும் தூக்கிக்கொண்டுதான் திரிகிறேன்.) அப்படியே வைத்தால் எனக்கும் பதினொன்றரைதான் காட்டியது. பெயிண்ட்டைப் பார்த்தேன். புரிந்துவிட்டது.

“அண்ணா, புதுசு அடிக்கிறதுக்கு முன்னாடி பழைய பெயிண்ட்ட சுரண்டுவீங்களா?”

“ஐயையோ. சொரண்டக் கூடாது.”

“ஏன்?”

பதில் கேட்டுப் பக்கமிருந்து வந்தது. முனியம்மா எங்களுக்குக் கொடுத்த டீ டம்ளரைத் திரும்ப வாங்க உள்ளே வந்திருந்தார். “ஏன்னா கேக்கற? உங்க ஊட்ல சுமங்கலி பொட்டச் சொரண்டுவியா நீ? போன வருசத்துப் பொட்டு மேலயே அடிச்சி, அதுமேல புதுப் பொட்டு. மில்லு தொறந்த காலத்துலேர்ந்து அப்டித்தான்.”

அத்தனை வருடப் பெயிண்ட்டும் அங்கேயே இருக்கிறது.

படிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். தடிமன் மீட்டர் ஒலியை உள்ளே அனுப்பும், அது மறுபக்கம் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும். இரும்பில் ஒலியின் வேகம் அதற்குத் தெரியும். பெயிண்டில் ஒலி பாதி வேகத்துக்கும் கீழே போகும், அது இந்த மாதிரி சாதாரண மீட்டருக்குத் தெரியாது; தாமதத்தையும் இரும்பு என்றே எண்ணிக்கொள்ளும். ஒரு மில்லி பெயிண்ட் இரண்டு, இரண்டரை மில்லி இரும்பாகத் தெரியும். அளக்க வந்தவர்கள் பளபளப்பைப் பார்த்துவிட்டு, கை எட்டுகிற உயரத்தில் மேலாக மீட்டரை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே சுரண்டிவிட்டு அளக்கணும் என்பதுதான். சுரண்டவே கூடாத பாய்லரை அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

நான் சுரண்டணும் என்றேன். தேவராஜ் முனியம்மாவைப் பார்த்தார். எனக்குப் பொறுமை கிடையாது, ஆனாலும் நின்றேன்.

“பேஜாரு புட்ச்சவனா இருப்பான் போல,” என்றார் முனியம்மா. “சரி, பின்னாடி பக்கமா சொரண்டு. மொகத்தத் தொட்ட, கை இருக்காது.”

ஐந்து இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஸ்கிரேப்பரால் சுரண்டினேன். பெயிண்ட் ஒன்றரை மில்லிக்கு மேல் இருந்தது. ஓரத்தில் பார்த்தால் வெட்டுமரத்தில் வளையம் தெரிவது போல வரி வரியாக வெள்ளி. அதற்குக் கீழே இரும்பு. ஜெல் தடவி மீட்டரை வைத்தேன். ஏழே முக்கால். ஏழரை. குனிந்து அடிவயிற்றில் வைத்தேன். ஆறு. பக்கத்திலேயே ஒரு குழி, அதில் ஐந்தரை. கிட்டத்தட்டப் பாதி கரைந்துவிட்டது.

நெல் அவிக்கிற இரண்டு கிலோவையே அது தாங்கிக்கொண்டிருந்தது அதிர்ஷ்டம். குழந்தைகளோடு நான்கு பெட்டியை இழுக்க ஏழு, எட்டு கிலோ வேண்டும்.

“இன்னா சொல்லுது?” என்றார் தேவராஜ்.

“போயிடுச்சுண்ணா. தகடு பாதிதான் இருக்கு. நீராவி ஏத்தினா வெடிக்கும்.”

யோசித்துச் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படிச் சொல்ல வராது. ஆறு என்றால் ஆறு.

அவர் முகம் மாறிவிட்டது. “அந்த ரிப்போர்ட்டுல ஆள் கையெழுத்து போட்டுக்குது. உன் மெஷின் தப்பா காட்டாதா?”

பையிலிருந்த இரும்புச் சோதனைக் கட்டையில் மீட்டரை வைத்துக் காட்டினேன். ஐந்து மில்லி கட்டை, ஐந்து காட்டியது.

“அப்போ நான் பெயிண்டு அடிச்சதுதான் தப்பா?”

“பெயிண்ட்டுல தப்பு இல்ல. அளந்தவன் தப்பு.”

“நீ சும்மா பாக்கத்தான வந்த?” என்றார். “பாத்துட்டுப் போயிருக்கலாமில்ல?”

மீட்டரில் ஒட்டிய ஜெல்லைத் துடைத்தேன். அவர் போய் உமிக் குழி ஓரத்தில் குந்திவிட்டார். முனியம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். எனக்கு அந்த இஞ்சின் ஓடுவதைப் பார்க்கணும் என்று ஆசை. சொன்னால் நம்புவீர்களா தெரியவில்லை, அந்த மாவட்டத்திலேயே அது ஓடணும் என்று அவருக்கு அடுத்தபடி ஆசைப்பட்ட ஆள் நான்தான்.

மேனேஜர் ஒன்றரை மணிக்குக் காரில் வந்தார். என் வயதுதான் இருக்கும். வெள்ளை ஷூ. சேற்றில் செங்கல் செங்கலாகத் தாவி ஷெட்டுக்குள் வந்து, முதலில் இஞ்சினோடு ஒரு செல்ஃபி எடுத்தார். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். தகடு, பெயிண்ட், அளவு, எல்லாம் சொன்னேன். பாதியிலேயே கையை நீட்டித் தடுத்தார்.

“ப்ரோ, ஒரு நிமிஷம். உங்கள யாரு கூப்ட்டது?”

“யாரும் கூப்பிடல.”

“எங்ககிட்ட சர்டிஃபைட் ரிப்போர்ட் இருக்கு. நீங்க எந்தக் கம்பெனி?”

“கம்பெனி சார்பா வரல. பாக்க வந்தேன்.”

சிரித்தார். உண்மையில் அது சிரிக்கிற மாதிரிதான் இருந்தது. பிறகு தேவராஜ் பக்கம் திரும்பினார். “அண்ணே, இதோட இத்தன வருஷம் இருந்தது நீங்க. நீங்க சொல்லுங்க. ஸ்டீம் ஏத்தலாமா, வேணாமா? நீங்க ஓக்கேன்னா திங்கக்கிழமை கிரேன் வருது, ஒண்ணாம் தேதிலேர்ந்து உங்களுக்கும் சம்பளம்.”

தேவராஜ் என்னைப் பார்க்கவில்லை. இஞ்சினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஏத்தலாம் என்று ஒரு வார்த்தை போதும். நான் யாரிடம் போய்க் கத்தினாலும் எடுபட்டிருக்காது. என் கையில் ஒரு முத்திரையும் இல்லை. என்னால் பொறுக்க முடியவில்லை, வாயைத் திறந்துவிட்டேன்.

“நீ கம்முனு இரு,” என்றார் தேவராஜ். பிறகு மேனேஜரிடம், “வேணாம் சார்.”

“ஏன்? காலைல போன்ல நல்லாயிருக்குன்னு சொன்னீங்களே?”

“காலைல தெரியாது. இப்போ தெரியும். பின்னாடி உக்கார்ற கொயந்தைங்களுக்குத் தெரியாது. நெருப்பு போடறவன் நான்தான சார்?” இஞ்சின் பக்கம் கையைக் காட்டினார். “ஓடாது. நிக்க வெச்சிக்கினா நிக்கும். தொடச்சி, பெயிண்டு அடிச்சி நான் பாத்துக்கறேன்.”

மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். “சும்மா நிக்கறதுக்கு எதுக்குண்ணே இத்தன டன் இரும்பு? ஃபைபர்ல பண்ணிடுவாங்க, உள்ள பேட்டரி வெச்சா ஓடவும் செய்யும்.” காருக்குப் போகிற வழியிலேயே ஓனருக்குப் போன் போட்டார். கால் மணி நேரத்தில் ஓனரிடமிருந்து தேவராஜுக்குப் போன் வந்தது. உலைக்காரருக்கே கொடுத்துவிடலாம், பொங்கலுக்கு முன்னால் கேஸ் கட்டரோடு ஆள் வருவார்கள், தண்ணீர் மோட்டார் சாவியை மட்டும் பத்திரமாக வை என்றாராம்.

நான் மன்னிப்பு கேட்கிற மாதிரி ஏதோ ஆரம்பித்தேன். “உட்றா,” என்றார். தம்பி, நைனா எல்லாம் போய் டா வந்துவிட்டது. “பொய்யா சொன்ன? இல்லியே.” பிறகு உள்ளே போய் இரண்டு பேருக்கும் சோறு போட்டு எடுத்து வந்தார். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. இஞ்சின் படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். காலையில் கேட்டிலிருந்து ஷெட்டுக்கு வருவதற்குள் மொத்தக் குடும்பக் கதையையும் சொன்ன மனிதர், அந்த முக்கால் மணி நேரத்தில் குழம்பு போதுமா என்று மட்டும்தான் கேட்டார்.

திரும்பும்போது ஆட்டோ இல்லை. நான்கு கிலோமீட்டரும் நடந்தேன். லோக்கலில் கூட்டமே இல்லை. எதிரில் கும்மிடிப்பூண்டிக்குச் சரக்கு ரயில் ஒன்று போனது. திறந்த பெட்டிகள் நிறைய உடைசல் இரும்பு. பார்க்காமல் இருக்க முயற்சி செய்தேன், முடியவில்லை.

நிறைய இஞ்சின்களைப் பார்க்கப் போயிருக்கிறேன். பெரும்பாலும் நான் போகும்போது அவற்றின் கதை முடிந்திருக்கும். நான் போனதால் எதுவும் மாறாது. இங்கே மாறிவிட்டது. அளந்தது தப்பு என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. மறுபடி போனாலும் சுரண்டத்தான் செய்வேன். ஆனால் சரியாகச் செய்த ஒரு காரியத்தைப் பற்றி யாரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட முடியவில்லை. மஸ்கட்காரனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன், கட்டைவிரல் போட்டான்.

போக நினைக்கிறவர்களுக்கு. கட்டர் வருவதற்குள் போனால்தான் உண்டு, அதனால் டிசம்பரைத் தாண்டவிடாதீர்கள். நேரத்தைச் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த வழியில் சனி, ஞாயிறுகளில் வண்டி குறையும். ஸ்டேஷனிலிருந்து ‘வெள்ளச்சி மில்’ என்று கேட்டால் போதும். ஞாயிறு போகாதீர்கள், கேட் பூட்டியிருக்கும். உமிக் குழிப் பக்கம் பாம்பு உண்டு, ஷூ போடுங்கள். முனியம்மா கடையில் பதினோரு மணிக்கு மேல் நாஷ்டா கிடைக்காது. இஞ்சினின் முகத்தைத் தொடாதீர்கள். இடது சக்கர விளிம்பையும் பிரேக் ஓட்டைகளையும் குனிந்து பாருங்கள், போட்டோவில் அது வராது. முக்கியமாக, படம் எடுத்த கையோடு ஓடிவராதீர்கள், ஒரு டீ வாங்கிக்கொண்டு உள்ளே போய் அவரோடு உட்காருங்கள்.

இன்னொன்று. உண்மையில் இந்தப் பதிவை எழுதியதே இதற்காகத்தான். செங்குன்றத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் பாய்லர் வைத்திருக்கிற யாராவது இதைப் படித்தால், தேவராஜுக்கு அட்டெண்டன்ட் சான்றிதழ் இருக்கிறது, உமி, கட்டை, நிலக்கரி எல்லாம் எரித்திருக்கிறார். ஓடாது என்று தெரிந்தால் ஓடாது என்று சொல்கிற ஆள் உங்கள் பாய்லருக்குப் பக்கத்தில் இருப்பது உங்களுக்கு நல்லது. கீழே பின்னூட்டம் போடுங்கள், நானே அழைத்து வருகிறேன். எப்படிப்பட்ட இடம் வேண்டும் என்று நேற்று அவருக்குப் போன் செய்து கேட்டேன். சம்பளம், தூரம், ஷிஃப்ட் என்று ஏதாவது சொல்வார், குறித்துக்கொள்ளலாம் என்று பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.

“எந்த பாய்லரா இருந்தாலும் பரவால்ல தம்பி,” என்றார். “கூட ரெண்டு ஆளு வேலை செய்யற எடமா பாரு.”